பாழூருக்குள் போகும் ஒற்றையடிப் பாதை

அந்த இடத்தை நான் முதலில் பார்த்தது தாளில்தான்.

அறுபதுகளின் கடைசி வருடங்கள். ஓசூரில் பெங்களூர் ரோட்டை ஒட்டி, ஒரு ராகி மண்டிக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்றால் இரண்டு அறை, ஒரு ஜீப், அதை ஓட்ட ஒரு டிரைவர், ஓர் அதிகாரி, பிறகு நான். நான் டிரேசர். வரைபடங்களைப் பார்த்து மெல்லிய தாளில் மையால் நகலெடுப்பது என் வேலை. மத்திகிரியிலிருந்து காலையில் பஸ்ஸில் வருவேன், பொழுது சாயும்போது பஸ்ஸில் திரும்புவேன். வேலை கிடைத்ததும் அப்பா மாதா கோவிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னார். பெண்பிள்ளை படம் வரைந்து சம்பளம் வாங்குவது எங்கள் தெருவில் யாரும் கேள்விப்படாத விஷயம்.

பெங்களூரில் அப்போதே இடம் நெருக்கத் தொடங்கியிருந்தது. எல்லையைத் தாண்டினால் எங்கள் பக்கம் வெறும் மேட்டு நிலம், ராகியும் கொள்ளும் விளைகிற சிவந்த மண். இங்கே தொழிற்சாலைகள் வரும், வந்தே தீரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எங்கே அவை வரலாம், எங்கே வரக்கூடாது என்று பார்த்துச் சொல்லத்தான் எங்களை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

அதிகாரி கும்பகோணம் பக்கத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார். அவருடைய முறை எளிமையானது. ஒரே அளவில் பல தாள்கள். ஒரு தாளில் ஏரிகளும் கால்வாய்களும், இன்னொன்றில் நஞ்சையும் கிணற்றுப் பாசனமும், மற்றொன்றில் காடும் குன்றும், பட்டா நிலங்களுக்கு ஒன்று, வீடுகளுக்கு ஒன்று. எங்கெல்லாம் தொழிற்சாலை வரக்கூடாதோ அங்கெல்லாம் நான் நெருக்கமாகக் கோடு போட்டு நிரப்ப வேண்டும். பிறகு எல்லாத் தாள்களையும் கண்ணாடி மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீழே பல்பைப் போடுவார். எந்தத் தாளிலும் கோடு விழாத இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

"இது நல்ல இடத்தைத் தேடறது இல்லை," என்பார். "கூடாத இடத்தை எல்லாம் ஒவ்வொண்ணா தள்ளிண்டே வர்றது. கடைசியில மிஞ்சறது எதுவோ, அதுதான் நம்ம இடம்."

முதல்முறை எல்லாத் தாள்களையும் அடுக்கிய அன்று சின்னச் சின்னதாகப் பல வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. கிருஷ்ணகிரி ரோட்டிலிருந்து சற்று உள்ளே ஒன்று மட்டும் பெரியதாக, துடைத்துவிட்டது போல வெளுப்பாக இருந்தது. அதிகாரி குனிந்து வெகுநேரம் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ரோடு பக்கத்துல இருக்கு. ஏரி பக்கத்துல இருக்கு. சமதரை. இவ்வளவு நல்ல இடத்துல ஏன் ஒருத்தரும் இல்லை?"



விமானத்திலிருந்து எடுத்த படங்கள் ஒரு தகரப் பெட்டியில் எங்களிடம் வந்திருந்தன. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கால் முளைத்த மூக்குக் கண்ணாடி போன்ற ஒரு கருவி வழியாகப் பார்க்க வேண்டும். கண் பழகியதும் தட்டையான படம் எழுந்து நிற்கும். குன்று குன்றாகவும் பள்ளம் பள்ளமாகவும் ஆகிவிடும். அந்த வெள்ளை இடத்துக்குரிய படங்களைத் தேடியெடுத்து வைத்துக் குனிந்தேன்.

முதலில் வெறும் சாம்பல் நிறம். பிறகு மெல்ல மெல்லச் சுவர்கள் எழும்பின. நடுவில் ஒரு தெரு. தெருவின் இரண்டு பக்கமும் கூரையில்லாத வீடுகள், மூடி திறந்த பெட்டிகள் போல. அந்தப் பெட்டிகளுக்குள் நிழல். நான் சட்டென்று தலையை எடுத்துவிட்டேன். மேலே இருந்து ஒருவருடைய வீட்டுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

"சார், இங்க ஒரு ஊர் இருக்கு," என்றேன்.

அவர் வந்து பார்த்தார். பிறகு கிராமக் கணக்கை எடுத்துப் பார்த்தார். அந்த நிலம் நத்தம் என்றுதான் இருந்தது. நத்தம் என்றால் ஊர் குடியிருக்கிற நிலம், தனி ஆள் பட்டா கிடையாது. பயிர் இல்லை, பாசனம் இல்லை, காடு இல்லை. வீடுகளுக்கான தாளில் ஆள் இருக்கிற வீடுகளை மட்டும்தான் நான் கறுப்பாக்கியிருந்தேன். அங்கே ஆள் இல்லை. அதனால்தான் எந்தத் தாளும் அதன்மேல் ஒரு கோடுகூடப் போடவில்லை.

"பாதைகளைப் பார்த்தீங்களா?" என்று அவர் கேட்டார்.

மறுபடி குனிந்தேன். சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து ஒற்றையடிப் பாதைகள் வெளுப்பாகக் கிளம்பி வந்தன. ஊருக்கு ஊர் போக அந்த இடத்தின் வழியாக நேராகப் போனால் பாதி தூரம்தான். ஆனால் ஒவ்வொரு பாதையும் அதை நெருங்கியதும் வளைந்து, வெகுதூரம் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மாடுகள் மேய்ந்த தடங்களும் அப்படியே. எவ்வளவு காலமாக எத்தனை பேர் வளைந்து வளைந்து நடந்திருந்தால் பூமியில் அப்படி ஒரு வட்டம் விழும் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு பாதை மட்டும் வளையவில்லை. தெற்கே இருந்த ஒரு சின்ன ஊரிலிருந்து, தலைமுடி போல மெல்லியதாக, அது நேராக அந்தத் தெருவுக்குள் போயிற்று. போய், வீடுகளுக்குப் பின்னால் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

மறுவாரம் ஜீப்பில் போனோம். ரோட்டை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும், ஒரு புளியமரத்தடியில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். ஓசூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, வெளியில் மூன்று பாஷையும் பேசுவார்.

"இதுக்கு மேல போவாது சார்."

"ரோடு நன்னாத்தானே இருக்கு?"

"ரோடு நல்லாத்தாங்கீது சார். நான்தான் வரமாட்டேன். நீங்க போயிட்டு வாங்க. அம்மாவ இங்கயே வுட்டுட்டுப் போங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் இறங்கினேன். படத்தில் எட்டிப் பார்த்துவிட்டேன். இனிமேல் கால் வைக்காமல் இருக்க முடியாது என்று தோன்றியது.

சுவர்கள் இடுப்பளவுதான் மிச்சம் இருந்தன. மேலே இருந்து பார்த்தபோது உயரமாகத் தெரிந்தவை. நிலைக்கதவுகளை யாரோ எப்போதோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு வீட்டில் ஆட்டுக்கல் கிடந்தது, குழியில் மழைத் தண்ணீர் நின்றது. இன்னொரு வீட்டின் சுவர் மட்டும் ஆளுயரம் நின்றது, அதில் விளக்கு வைக்கிற மாடம் அப்படியே இருந்தது. அதன் மேல்பக்கம் புகை பிடித்த கறுப்பு இன்னும் போகவில்லை. நான் விரலால் தொட்டேன். விரலில் கறுப்பு ஒட்டியது. அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் விரலை நீட்டியபடியே நடந்தேன்.

காற்று இருந்தது, ஆனால் ஆடுவதற்குக் கதவோ ஓலையோ எதுவும் இல்லை. அதனால் சத்தமே இல்லை. எங்கள் காலடி மட்டும் கேட்டது.

அந்த ஒற்றைப் பாதை காலுக்குக் கீழே நன்றாகவே தெரிந்தது. அதில் ஆட்டுப் புழுக்கை புதிதாகக் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனோம். கடைசி வீட்டுக்குப் பின்னால் அது முடிந்தது. அங்கே கற்களை அடுக்கிய சின்ன மேடு. அதைச் சுற்றி நாய் நரி வராதபடி வேலமுள்ளை நெருக்கி வைத்திருந்தது. மேட்டின் தலைமாட்டில் ஒரு கொட்டாங்குச்சி, அதில் தண்ணீர். தண்ணீர் தெளிவாக இருந்தது, ஓர் எறும்புகூட விழுந்திருக்கவில்லை.

"இன்னிக்குக் காலையில யாரோ வந்திருக்கா," என்றார் அதிகாரி. ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். நானும் குசுகுசுவென்றுதான் "ஆமாம் சார்" என்றேன். மேடு என் கைநீளத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

திரும்பும் வழியில் டிரைவர் தானாகவே சொன்னார்.

"பிளேக் வந்த ஊரு சார். எங்க அப்பாவோட அப்பா காலம். எலி எலியா வுழுந்துச்சாம். அப்புறம் ஜனம். தூக்கறதுக்கு ஆளில்லாம வூட்டுக்குள்ளயே வுட்டுட்டு, மிச்சம் இருந்தவுங்க காட்டுல குடிசை போட்டுக்கினாங்களாம். திரும்பி வரவேயில்ல. வெளக்கு எரிஞ்சிக்கினு இருந்துச்சாம், அப்படியே வுட்டுட்டுப் போனாங்களாம். தமிழுக்காரங்க பாழூர்னுவாங்க. கன்னடத்துல ஹாளூரு. எங்க பாஷையில பாடூரு. எந்த பாஷையில சொன்னாலும் அங்க மட்டும் யாரும் போறதில்ல."

"ஒருத்தர் போறார்," என்றார் அதிகாரி.

டிரைவர் கியரை மாற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கே போனாய் என்று கேட்டாள். சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த புட்டியிலிருந்து தீர்த்தத்தைத் தொட்டு என் நெற்றியில் சிலுவை போட்டாள். "இனிமே அங்கல்லாம் போவாத," என்றாள். ஆனால் நான் போகத் தேவையே இல்லை. அது என்னோடு வந்துவிட்டது. சாயங்காலம் எங்கள் தெருவில் நடந்து வரும்போது, வீடுகளில் விளக்கேற்றி, பிள்ளைகள் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வீடுகளின் கூரைகள் என் கண்ணுக்கு மறைந்துபோகும். மேலே இருந்து பார்ப்பது போல, சுவரும் நிழலும் மட்டும் தெரியும். ஆபீஸில் ஊத்தங்கரைப் பக்கத்துத் தாளை வரைந்துகொண்டிருப்பேன். அதிலும் பாதைகள் எங்கே வளைகின்றன என்றே கண் தேடும்.

ஒருநாள் அதிகாரி ஒரு புதிய தாளை என்முன் வைத்தார். வெறும் தாள்.

"நாம மண்ணைக் கேட்டோம், தண்ணியைக் கேட்டோம், ரோட்டைக் கேட்டோம். மனுஷாளைக் கேக்கவே இல்லை. இந்தத் தாள்ல அவா சொல்றதைப் போடுவோம். நான் போனா பெண்கள் பேசமாட்டா. நீங்க போயிட்டு வாங்க."

அந்தத் தெற்கத்தி ஊருக்குப் பஸ்ஸில் போய், ஏரிக்கரையில் இறங்கி நடந்தேன். கிணற்றடியில் நான்கைந்து பெண்கள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார்கள். எங்கே ஆடு மேய்ப்பீர்கள், எங்கே விறகு பொறுக்குவீர்கள் என்று கேட்டபோதெல்லாம் பதில் சொன்னார்கள். பாழூர் என்றதும் கயிறு நின்றது.

"அங்க யாரும் போறதில்லம்மா."

"ஒரு பாதை இருக்குதே."

 அவர்களில் வயதில் மூத்த பெண் மட்டும் ஏரி மேட்டுப் பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு பெண் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருக்கும். நான் நெருங்கியதும் அவரே நின்றார்.

"ஜீப்புல வந்தது நீங்களா?"

"ஆமாங்க்கா. எப்படித் தெரியும்?"

"செருப்புத் தடம் இருந்துச்சி. அங்க செருப்பு போட்டுக்கினு வர்றவங்க யாரு."

 அவர்தான் சொன்னார், எங்கோ பார்த்துக்கொண்டு.

"எம் பொண்ணு அது."

வீட்டில் கன்னடம் பேசுகிறவர். தமிழும் தடையில்லாமல் வந்தது. புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர், முதலில் பண்டிகைக்கு வந்தார், பிறகு அதுவும் இல்லை. பெண்ணுக்கு நான்கு வயது நடக்கும்போது பெரியம்மை கண்டது.

"ஊர் நெலத்துல வெச்சா ஊருக்கே பரவும்னு பயந்தாங்க. தப்பு சொல்லல. அவுங்க வூட்லயும் புள்ளைங்க இருந்திச்சி. பாழூர்ல வெச்சிடுன்னாங்க. அங்க கேக்க ஆளில்லியே."

"தினமும் போறீங்களே, பயமா இல்லியாக்கா?"

"எனக்கு இன்னா பயம்? அதுக்குத்தான் பயம். வெளக்க அணைச்சாலே அழுவும். அந்த ஊர்ல அத்தன பேரு செத்துக் கெடக்கறாங்க. ஒருத்தரும் அதுக்குத் தெரிஞ்சவங்க இல்ல. அவங்க நடுவுல ஒத்தையா வெச்சிட்டு வந்திருக்கேன்."

ஆடுகள் தாமாகவே அந்தப் பாதையில் திரும்பின. அவர் அவற்றின் பின்னால் போனார். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஆபீஸுக்கு வந்து அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் பேனாவை எடுத்து, அந்தப் புதிய தாளில், அந்த இடத்தின்மேல் தன் கையாலேயே கோடுகள் போட்டார்.

"இதை விட்டுடுவோம். ஒரு தாயார் தினம் போற இடத்துல நாம மெஷினைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம்."

மதராஸுக்கு அனுப்பும் குறிப்பிலும் அப்படியே எழுதினார். உள்ளூர் மக்களின் உணர்வை மதித்து அந்த நிலத்தைத் தொடாமல் விடுவது நல்லது என்று. தட்டச்சு செய்து வந்ததும் எனக்குப் படித்துக் காட்டினார். எனக்குக் கண் கலங்கியது. தாள்களை அடுக்கிப் பார்த்தபோது அங்கே இப்போது வெளுப்பு இல்லை, கறுப்பாக அடைந்துகிடந்தது. அன்று சாயங்காலம் தெருவில் கூரைகள் எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன.

சந்தை நாளில் அந்த அக்கா ஓசூருக்கு ஆடு ஓட்டி வந்தார். மண்டி வாசலில் நான் பார்த்து, சந்தோஷமாக ஓடிப்போய்ச் சொன்னேன். உங்க எடத்த யாரும் தொடமாட்டாங்க, சார் எழுதிட்டாரு என்று. அவர் முகம் மாறவில்லை. "அந்த சாரு எங்க?" என்று கேட்டார். மாடிக்குக் கூட்டிப்போனேன்.

அதிகாரி எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். அக்கா உட்காரவில்லை.

"இந்த அம்மா சொன்னாங்க. எங்க எடத்த வுட்டுட்டீங்களாம்."

"ஆமாம்மா. யாரும் அங்க வரமாட்டா. நீங்க எப்பவும் போல போயிட்டு வரலாம்."

"ஏன் சாமி வுட்டுட்டீங்க?"

அதிகாரிக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"அந்த ஊர அன்னைக்கே எல்லாரும் வுட்டுட்டுப் போனாங்க. அப்புறம் சுத்தி இருக்கறவங்க வுட்டாங்க. மாடுகூட வுட்டுச்சி. எம் புள்ளய அதுக்குள்ளதான் வெச்சிருக்கு. கம்பெனி வருதுன்னாங்க. ஜீப்பு வந்துச்சி. சரி, ஜனம் வரப்போவுது, சத்தம் வரப்போவுது, ராவானா லைட்டு எரியும், அதுக்குத் தொணை இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதுகிட்ட சொல்லிக்கூட வெச்சிட்டேன்." அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நீங்களும் வுட்டுட்டா எப்படி?"

கீழே மண்டியில் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. அதிகாரி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய காதுகள் சிவந்திருந்தன.

"தோண்டுவா, கட்டடம் கட்டுவா," என்றார். "அந்த மேடு மேலேயே ஏதாவது வந்துட்டா?"

"அத மட்டும் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க. பக்கத்துல கட்டுங்க."

அதிகாரி யோசித்தார். பிறகு கேட்டார்: "கம்பெனி வேண்டாம். கம்பெனியில வேலை செய்யறவாளுக்கு வீடு கட்டினா?"

"வூடா? புள்ளைங்க இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப அதயே கட்டுங்க சாமி," என்றார் அக்கா. அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து நான் கொடுத்த டீயைக் குடித்தார்.

அவர் போனதும், பிளேடால் அந்தக் கோடுகளை நான் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். மையைச் சுரண்டும்போது தாள் கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.  அதிகாரி குறிப்பை மாற்றி எழுதினார். பழைய நத்தம் மறுபடியும் குடியிருப்பாக வேண்டும், தொழிலாளர் வீடுகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை, நடுவில் பிள்ளைகள் விளையாட ஒரு திடல் விட வேண்டும். அந்தத் திடல் எங்கே வரும் என்று நான்தான் வரைந்தேன். கடைசி வீட்டுக்குப் பின்னால்.

எல்லாவற்றையும் கட்டி மதராஸுக்கு அனுப்பினோம். பிறகு காத்திருந்தோம். சந்தைக்குச் சந்தை அந்த அக்கா மாடிப்படி ஏறி வந்து, வாசலில் நின்றபடியே, "எப்ப வர்றாங்க?" என்று கேட்பார். வருவாங்கக்கா என்பேன். "சொல்லி வெச்சிருக்கேன். தெனம் கேக்குது," என்பார். யார் கேட்கிறது என்று நான் கேட்டதில்லை. அவர் இறங்கிப்போன பிறகும் வாசலில் ஆட்டு வாசனையும் அந்தச் சொல்லும் நிற்கும். வரவர அவர் படியேறி வரும் சத்தம் கேட்டாலே எனக்கு முதுகு சில்லிடும். அவர் தனியாக வருவதாகவே எனக்குத் தோன்றுவதில்லை.

பதில் வந்தபோது மழை ஆரம்பித்திருந்தது. எங்கள் தாள்கள் மெச்சப்பட்டிருந்தன. தொழிற்சாலைகளுக்கு எல்லைப் பக்கமாக, ஜூஜுவாடி போகும் வழியில் இருந்த நிலங்கள் போதும்; லாரிகளுக்கும் அதுவே வசதி. குடியிருப்பும் அதன் அருகிலேயே. நத்தத்தைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே ஒரு வரி. அதிகாரி அந்தக் காகிதத்தை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார். அதற்கடுத்த மாதமே அவருக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று என்னிடம், "அந்த அம்மாகிட்ட நானே சொல்லியிருக்கணும். வாய் வரலை," என்றார்.

சொல்லும் வேலை எனக்கு வந்தது. நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று, மத்திகிரியில் எங்கள் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் செவ்வந்தியுமாக இருந்தது. செத்தவர்களைச் சுற்றி அவ்வளவு கூட்டம், அவ்வளவு பேச்சு. தாத்தா கல்லறையில் உட்கார்ந்துகொண்டு என் தம்பி முறுக்குத் தின்றான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மிச்சமிருந்த மெழுகுவர்த்திகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா பாழூரில்தான் இருந்தார். ஆடுகள் சுவர்களுக்கிடையில் மேய்ந்துகொண்டிருந்தன. நான் உள்ளே வருவதைப் பார்த்ததும் மேட்டுப் பக்கம் திரும்பி, "கூசே, நோடு, ஆபீஸ் அம்மா பந்தவ்ரே," என்றார். குழந்தை, பார், ஆபீஸ் அம்மா வந்திருக்கிறார் என்று.  செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்பெனி அந்தப் பக்கம் போய்விட்டது, வீடுகளும் அங்கேதான் என்று சொன்னேன். அவர் அழவில்லை. மேட்டின் மேலிருந்த கல் ஒன்றை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தார்.

மெழுகுவர்த்திகளை ஏற்றி முள்ளுக்கு உள்ளே வரிசையாக வைத்தேன். காற்றுக்கு அணையாமல் இருக்க இருவரும் கையை அண்டை கொடுத்தோம். இன்னும் பொழுது இருந்தது. வெயிலில் சுடர் சரியாகத் தெரியக்கூட இல்லை.

"இது எத்தினி நேரம் எரியும்?" என்று கேட்டார்.

"ஒரு மணி நேரம் எரியும்க்கா."

அவர் தலையை ஆட்டினார்.  எழுந்துபோய்த் தெருவில் நடந்தார். ஒவ்வொரு வீடாக நின்று பார்த்தார். விளக்கு மாடம் இருந்த வீட்டுக்குள் போய், சுவரை உள்ளங்கையால் தட்டினார், வாங்கப் போகிற மாட்டைத் தட்டிப் பார்ப்பது போல. திரும்பி வந்து, "இருட்டறதுக்குள்ள பஸ்ஸுக்குப் போயிடுங்கம்மா," என்றார்.

அதன் பிறகு சந்தையில் அவரைக் காணவில்லை. என்ன ஆயிற்று என்று டிரைவரிடம் கேட்டேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"பாடூரு போயிட்டாங்க அந்தம்மா. கூரை போட்டுக்கினு, ஆட்டோட அங்கயே குடியிருக்காங்க. ஊர்ல எல்லாரும் வேணான்னு சொல்லிப் பாத்திருக்காங்க. ஜனம் வர்லன்னா நானே ஜனமா இருந்துட்டுப் போறேன்னிச்சாம்."

நான் போய்ப் பார்த்தேன். விளக்கு மாடம் இருந்த வீட்டின் மேல் மூங்கில் வைத்துப் புல் வேய்ந்திருந்தது. வாசல் மெழுகியிருந்தது. உள்ளே அடுப்பு. மாடத்தில் பழைய கறுப்பின் மேல் புதிய கறுப்பு ஏறியிருந்தது. ராகிக் களி கிண்டி எனக்கும் ஒரு உருண்டை வைத்தார். முதல் சில நாள் ராத்திரியில் தெருவில் நடக்கிற சத்தம் கேட்டதாம். எழுந்து வாசலில் நின்று, நான் யார், எந்த ஊர், யாருடைய அம்மா என்று சத்தமாகச் சொன்னாராம். அப்புறம் கேட்கவில்லையாம். இதையெல்லாம் புதுக்குடித்தனம் போன பெண் அக்கம்பக்கத்தாரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். சாப்பிடும்போது அவர் அவ்வப்போது பேச்சை நிறுத்திப் பின்கட்டுப் பக்கம் காது கொடுத்தார். நானும் கேட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகிச் சேலம் பக்கம் போனேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரும்போது கிருஷ்ணகிரியில் பஸ் மாறினேன். பொழுது மங்குகிற நேரம். ஏரிக்கரை தாண்டியதும் பஸ்ஸின் ஒரு பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பெண் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். வெளியே, மேட்டுக்கு அந்தப் பக்கம், மெல்லிய புகை ஒன்று நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

"அது பாழூரு," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். "செத்தவங்க சோறாக்கறாங்க. சாயங்காலமானா இப்பிடித்தான். பாக்காதம்மா, வயித்துப்புள்ளக்காரி."

"அது பேய் இல்லீங்க," என்றேன். "அங்க எனக்குத் தெரிஞ்ச அக்கா இருக்காங்க. நான் அந்த வூட்ல சாப்பிட்டிருக்கேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். பிறகு துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து முன்பக்கம் போய் நின்றுகொண்டார். ஓசூர் வரும்வரை அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.